வேடமும் விருப்பமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

குழந்தைகளின் குறள் ஒப்புவித்தல் இனிதே முடிந்தது. அடுத்து வரும் நடனத்துக்கு மேடையை ஒழுங்கு செய்ய அரைமணி நேரம் வேண்டுமாம். அந்த அரைமணியை நிரப்பும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பின்னால் சமையற்கட்டிலிருந்து வரும் சாம்பார் மணத்தோடு போட்டியிட்டு எவரும் வென்றதில்லை என்பதை நாம் அறிவோம். ஆதலால் கடினமான பொருளைத் தொடாமல், எல்லோரும் ஒரு கருத்து வைத்திருக்கும் பொருளை எடுத்துக் கொண்டோம்.

நம் மாதர் அரங்கிலே அண்மையில் ஒரு வினா எழுந்தது. பழைய ஆங்கிலப் படம் ஒன்றில் ஒரு நடிகை காட்சிக்குக் காட்சி விலையுயர்ந்த ஃபர் கோட்டு அணிந்து வருகிறாள். "இவளுக்கு அதன்மேல் எத்தனை மோகம் பாருங்கள்" என்றார் ஓர் அம்மையார். "கதைக்காக உடுத்தினாள், அவள் என்ன செய்வாள்?" என்றார் மற்றோர் அம்மையார். திரையில் ஒருவர் ஏற்கும் வேடம் அவருடைய சொந்த விருப்பத்தைக் காட்டுமா, காட்டாதா என்பதே வழக்கு. முதலில் இது பொழுதுபோக்கு வினா என்றே எண்ணினோம். எண்ணிப் பார்க்கப் பார்க்க அது ஹாலிவுட்டிலிருந்து நடந்து நடந்து நம் காலனி வாசலுக்கே வந்து நிற்கக் கண்டோம்.

ஃபர் என்பது நம் நாட்டார்க்கு அவ்வளவு பழக்கமில்லாத பொருள். ஆட்டுக்கம்பளி போலக் கத்தரித்து எடுப்பதன்று அது. மென்மயிரோடு கூடிய தோலையே உரித்துப் பதப்படுத்தித் தைப்பது. அவற்றுள் பேர்பெற்றது மிங்க் என்னும் விலங்கின் தோல். நம் கீரியைப் போல் நீண்டு மெலிந்த சிறிய உயிர் அது. முழுநீளக் கோட்டு ஒன்றுக்கு அத்தகைய உயிர்கள் ஐம்பது அறுபது வேண்டியிருக்கும். மேலைநாட்டில் ஒரு காலத்தில் மிங்க் கோட்டு என்றால் செல்வம் என்று பொருள். நம்மவர் வைர மூக்குத்தியைப் பார்ப்பது போல அவர்கள் அதைப் பார்த்தார்கள். ஆகவே கதையில் ஒருத்தி செல்வம் எய்தினாள் என்று காட்ட வேண்டுமானால் வசனம் வேண்டியதில்லை. தோளில் ஒரு மிங்க் கோட்டைப் போட்டுவிட்டால் போதும். கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்ணம் இல்லாத திரையில் பளபளக்கும் பட்டும், இறகும், மென்மயிரும் விளக்கொளியை வாங்கித் திருப்பித் தரும். முகத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் உண்டாகும். ஒளிப்பதிவாளரின் வசதியை நாம் நடிகையின் ஆசை என்று எண்ணிக் கொள்கிறோம்.

அக்காலத்து ஹாலிவுட் நடிகைக்குத் தன் உடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் கிடையாது. உடை மட்டுமா? வேடத்தையே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. ஸ்டூடியோவோடு ஏழாண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டால், கொடுத்த வேடத்தைக் கட்ட வேண்டியதுதான். மறுத்தால் சம்பளம் நின்றுவிடும். பெட்டி டேவிஸ் என்னும் பெரும் நடிகை, தமக்குத் தரப்பட்ட வேடங்கள் தகுதியற்றவை என்று வெகுண்டு 1936-இல் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டார். வார்னர் நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி வென்றது. அம்மையார் திரும்பி வந்து மீண்டும் அதே ஸ்டூடியோவில் நடித்தார். இத்தகையவர் ஏற்ற வேடத்தைக் கண்டு இது இவர் உள்ளத்தின் கண்ணாடி என்று எவ்வாறு கூறுவது?

இதே பெட்டி டேவிஸ் 1968-இல் ஒரு மிங்க் தோல் விளம்பரத்தில் தோன்றினார். ஜூடி கார்லண்டும் லாரன் பகாலும் தோன்றிய அதே விளம்பர வரிசைதான். நடிக்கக் கூலியாகக் கொடுத்தது பணமன்று. ஒரு மிங்க் கோட்டு. இது வேடமன்று; தாமாக இசைந்து செய்தது. அவர்களுக்கு அதில் விருப்பம் இருந்தது என்று இங்கே ஒருவர் கூறினால் நாம் மறுக்க மாட்டோம். ஒருவரின் விருப்பத்தை அறிய வேண்டுமானால் அவர் வேடத்தைப் பார்ப்பதைவிட, அவர் கூலியாக எதைப் பெற ஒப்பினார் என்று பார்ப்பது நல்லது போலும்.

இனி, டோரிஸ் டே என்னும் நடிகையின் செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1962-இல் 'தட் டச் ஆஃப் மிங்க்' என்ற படம் வெளிவந்தது. படத்தின் பெயரிலேயே மிங்க் இருக்கிறது. கேரி கிராண்ட் செல்வந்தராக வருகிறார். வேலையற்ற பெண்ணாக வரும் டோரிஸ் டே, அவர் வாங்கித் தரும் உடைகளைக் கண்டு மயங்கி நிற்கிறார். படம் பார்த்தவர் இந்த அம்மையாருக்கு மிங்க் தோலென்றால் உயிர் என்று எண்ணினால் வியப்பில்லை. ஆனால் ஒன்பதே ஆண்டுகளில், 1971-இல், அதே டோரிஸ் டே வேறு சில நடிகையரோடு சேர்ந்து செயற்கை ஃபர் கோட்டு அணிந்து, விலங்கைக் கொன்று உடுப்பது வேண்டாம் என்று பத்திரிகை விளம்பரத்தில் நின்றார். அவ்வாண்டிலேயே, விலங்குகளுக்காகப் பாடுபடும் நடிகர் அமைப்பு ஒன்றைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகவும் ஆனார். பின்னர்த் தம் பெயராலேயே அறநிலையம் அமைத்து, 2019-இல் 97-ஆம் வயதில் மறையும் வரை நாய்க்கும் பூனைக்கும் அடைக்கலமாக வாழ்ந்தார். அதற்கும் முன்பே, ஹிட்ச்காக் இயக்கி 1956-இல் வெளிவந்த படத்துக்காக மொராக்கோ சென்றபோது, அங்கே படப்பிடிப்புக்குக் கொண்டுவந்த விலங்குகள் எலும்பும் தோலுமாய் இருக்கக் கண்டு, அவற்றுக்கு வயிறார உணவிட்டாலன்றி நடிக்க வாரேன் என்று நின்றவர் அவர்.

மொராக்கோவில் மனமிரங்கிய பெண்தான் 1962-இல் மிங்க் கோட்டுக்கு மயங்குபவளாக நடித்தார். மயக்கம் கதையினுடையது, இரக்கம் அவருடையது. 1996-இல் வெளிவந்த '101 டால்மேஷன்ஸ்' படத்தையும் நம் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். நாய்க்குட்டிகளின் தோலை உரித்துக் கோட்டுத் தைக்கத் துடிக்கும் கொடியவளாக அதில் வந்த கிளென் குளோஸ், நாய்களிடம் பேரன்பு கொண்டவர். அந்த வேடத்தில் அவர் கண்ணில் தெறித்த வெறியைக் கண்ட குழந்தை, அவர் வீட்டு நாயைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கும்.

ஃபர் பற்றி நம்மவரிடையே பேசும்போது ஒருவரை நினையாதிருக்க முடியுமா? வெண்ணிற மென்மயிர்த் தொப்பி என்றவுடன் உங்கள் கண்முன் யார் வந்து நிற்கிறார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1969-இல் வெளிவந்த 'அடிமைப் பெண்' படத்துக்காக ராஜஸ்தானத்தில் படப்பிடிப்பு நடந்தபோது, பாலைவன வெயிலுக்காக ஒருவர் அளித்த தொப்பியே எம்.ஜி.ஆருக்குப் பிடித்துப் போய், பின்னர் அவருடைய அடையாளமாயிற்று என்று சொல்வார்கள். முதலமைச்சராக இருந்த காலம் முழுதும் அது அவர் தலையில் இருந்தது. 1987-இல் மெரீனாவில் அவரை அடக்கம் செய்தபோதும் இருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் புகழை நாட்டிய படங்களில் வாளேந்தினார், சவுக்கேந்தினார், படகோட்டினார், ரிக்‌ஷா இழுத்தார். அவற்றில் எதிலும் இந்தத் தொப்பி இல்லை. திரையில் அணியாததைத்தான் வாழ்க்கையில் விரும்பி அணிந்தார். திரையை மட்டும் பார்த்து அவர் விருப்பத்தைக் கணித்திருந்தால் இந்தத் தொப்பியை எவரும் ஊகித்திருக்க முடியாது.

தொப்பி என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. மார்கழியில் இத்தலைநகரின் குளிருக்கு அஞ்சி நாமெல்லாம் தலையில் கவிழ்த்துக் கொண்டு திரியும் மங்கி குல்லாவைக் கண்டு, மதராசிகளுக்கு அதில் தனி ஆசை என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அன்பர்கள் பல்லாண்டுகளாக நம்பி வருகிறார்கள். நாம் அதை எவ்வளவு வெறுக்கிறோம் என்று அவர்கள் அறியார்.

இனி ஹிந்திப் படவுலகுக்கு வருவோம். இங்கே வாழும் நாம் அந்தப் படங்களோடும் வளர்ந்தவர்கள் அல்லவா? லலிதா பவார் என்றால் போதும். இங்குள்ள மருமகள்மார் ஒருகணம் நிமிர்ந்து உட்காருவார்கள். சற்றே சுருங்கிய இடக்கண்ணால் அவர் ஒரு பார்வை பார்த்தாரானால் கொட்டகையே நடுங்கும். 1987-இல் தொலைக்காட்சியில் வந்த ராமாயணத்தில் மந்தரையாக வந்தவரும் அவரே. அந்தக் கண் எப்படி அவ்வாறாயிற்று? 1942-இல் ஒரு படப்பிடிப்பில், காட்சிக்காக அவரை அறைய வேண்டிய நடிகர் பழக்கக் குறைவால் உண்மையிலேயே ஓங்கி அறைந்துவிட்டார். முகத்தில் வாதம் கண்டது, இடக்கண் பழுதுபட்டது. மூன்றாண்டு சிகிச்சை நடந்தது. கதாநாயகியாக இருந்தவர் அதன் பிறகு கதாநாயகியாக முடியவில்லை. அந்தக் கண்ணோடு எஞ்சிய வேடம் கொடுமைக்கார மாமியார். கொட்டகையில் அமர்ந்து நாம் "பார், கண்ணிலேயே விஷம்" என்று சொன்னோமே, அது ஒரு பெண் வேலைத்தலத்தில் பட்ட காயம். நடிகையின் மனத்தை அவர் முகத்தில் படித்துவிட்டதாக நாம் பெருமைப்பட்டோம். படித்ததோ ஒரு விபத்தின் தழும்பை. அதே லலிதா பவார் 1959-இல் 'அனாடி' படத்தில் ஏழை இளைஞனைத் தாயினும் பரிந்து காக்கும் வீட்டுக்காரியாக நடித்துப் பரிசு பெற்றார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? மந்தரையை மறவாத நாம் இந்த அம்மாளை எளிதில் மறந்துவிட்டோம்.

பிரான் அவர்களின் கதையும் இத்தகையதே. அவர் வில்லனாகக் கொடிகட்டிப் பறந்த நாளில், பிள்ளைக்குப் பிரான் என்று பெயர் வைக்கப் பெற்றோர் அஞ்சினார்கள் என்று சொல்வதுண்டு. அந்த வில்லன் உருதுக் கவிதையில் தோய்ந்தவர். 1973-இல் அவருக்கு 'பேயீமான்' படத்துக்காக ஃபிலிம்ஃபேர் பரிசு அறிவித்தார்கள். அவர் அதை ஏற்க மறுத்தார். காரணம் தமக்கு நேர்ந்த குறையன்று. 'பாக்கீஜா' படத்துக்கு இசையமைத்து, அது வெளிவருமுன் மறைந்துவிட்ட குலாம் முகம்மதுவுக்கு அவ்வாண்டின் இசைப்பரிசு கிடைக்கவில்லையே என்பதுதான். இசைப்பரிசு சென்றதோ பிரான் நடித்த அதே 'பேயீமான்' படத்தின் இசைக்கு. தம் படத்துக்குக் கிடைத்த பரிசு தவறு என்று சொல்லித் தம் பரிசையும் துறந்தவரைத்தான் நாடு முப்பதாண்டுக் காலம் கயவனாகப் பார்த்துப் பழகியது. அப்படத்தின் பெயருக்கு 'நேர்மையற்றவன்' என்று பொருள் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

குடிகாரனாக நடித்தே பேர் வாங்கிய ஜானி வாக்கரைப் பற்றி ஒரு சொல். பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்தவர் அவர். இயற்பெயர் பத்ருத்தீன் காஜி. குரு தத் முன் குடிகாரனைப் போல் நடித்துக் காட்டியதால் 1951-இல் வந்த 'பாஸி' படத்தில் இடம் பெற்றார். அந்த மதுவின் பெயரையே குரு தத் அவருக்குச் சூட்டினார். ஆளோ மதுவைத் தொடாதவர். பெயரிலேயே புட்டியைச் சுமந்து கொண்டு வாழ்நாள் முழுதும் தெளிந்த தலையோடு இருந்தார்.

நம்பியாரைப் பற்றி நீங்கள் நாம் சொல்லுமுன்பே சொல்லிவிடுவீர்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சவுக்கோடு நின்ற கஜேந்திரன், வீட்டில் சைவ உணவினர். மதுவும் புகையும் அறியாதவர். அறுபதுக்கும் மேற்பட்ட முறை சபரிமலை சென்ற குருசாமி. இளமையில் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவில் பயின்றவர். 2008-ஆம் ஆண்டு நவம்பரில், அன்பர்கள் மாலையணியும் மண்டல காலத்திலேயே அவர் மறைந்தார். எம்.ஜி.ஆர் படம் பார்த்துவிட்டு நம்பியாரைச் சபித்த கிராமத்துத் தாய்மார் கதைகள் ஏராளம் உண்டு. அந்தச் சாபம் அவருக்குக் கிடைத்த சான்றிதழ் என்று நாம் அடிக்கடி சொல்லிக் கொள்கிறோம். சொல்வது எளிது. நாள்தோறும் அதைச் சுமந்தவர் அவர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென்று தனி இயலே வகுத்தார். உள்ளத்தில் எழும் உணர்ச்சி தானே மெய்யில் தோன்றுவது மெய்ப்பாடு. நமக்கெல்லாம் உள்ளம் முந்தும், உடல் பிந்தும். நடிகனுக்கோ உள்ளத்தில் இல்லாததையும் உடலில் வரவழைப்பதே தொழில். இதில் தேர்ச்சி மிகுந்தால் காண்பவர் ஏமாறுவர். ஏமாறுவதற்காகவே காசு கொடுத்துச் செல்கிறோம். நம் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எமனாக மேடையேறியபோது, கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சிக் கருக்கலைந்தாள் என்றும், அந்தத் துயரத்தால் அவர் நடிப்பதையே விட்டு நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவதிலும் இறங்கினார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். எமனாகத் தோன்றியவர் எமனாக இருந்திருந்தால் அந்தச் செய்தி அவரை வருத்தியிருக்குமா?

இவ்விடத்தில் அவையில் ஒருவர் எழுந்து, "அப்படியானால் எம்.ஆர். ராதாவைப் பற்றி என்ன சொல்கிறீர்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1967 ஜனவரி 12-ஆம் நாள் அவர் எம்.ஜி.ஆரை அவர் இல்லத்திலேயே சுட்டார், தண்டனையும் பெற்றார். அன்று நாடெங்கும் "பார்த்தீர்களா, வில்லன் வில்லன்தான்" என்று பேசிக் கொண்டார்கள். அதே நாளில் அதே ஊரில் எத்தனையோ வில்லன் நடிகர்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அமைதியாக வீட்டிலிருந்ததை எவரும் பேசவில்லை. ஒன்று ஒத்து வந்தால் விதி என்கிறோம். ஒத்து வராதவற்றை எண்ணுவதே இல்லை. ஆயினும் ராதாவிடம் வேடத்தில் அவரே வெளிப்பட்டது உண்டு என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். 1954-இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தில், மேலைநாடு சென்று திரும்பிய செருக்கன் பாத்திரத்தில் அவர் வாரி வீசிய கேலி, பகுத்தறிவாளராகிய அவருடைய சொந்தக் கேலி. மேடையில் நெடுநாள் நடத்திய தம் நாடகத்தையே அவர் திரைக்குக் கொண்டு வந்தார். அந்தப் பாத்திரத்தின் ஒழுக்கக்கேடு அவருடையதன்று, நாக்கு அவருடையது. வேடத்துக்குள் நடிகரைத் தேடுவோர் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உள்ள நடிகருக்கு நியாயம் வேறு. எம்.ஜி.ஆர் புகைப்பதும் குடிப்பதும் இல்லாதவர். திரையிலும் அவற்றை விலக்கினார். அவருடைய நூறாவது படமான 'ஒளிவிளக்கு', 1968-இல் வந்தது, ஒரு விதிவிலக்கு. அதில் குடிப்பவராக வருகிறார். ஆனால் உடனே அவர் மனச்சாட்சியே பல உருவில் எதிரே நின்று பாட்டால் இடித்துரைக்கிறது. ஆர்.எஸ். மனோகரும் தாமே குழு நடத்தி, தாமே இலங்கேசுவரனையும் சூரபத்மனையும் மேடையேற்றினார். புராணம் தள்ளிவைத்தவர்களின் பக்கமும் ஒரு நியாயம் பேச வேண்டும் என்ற ஆர்வம் அவருக்கு இருந்தது என்று நாம் அங்கே ஊகிக்கலாம். அதற்காக அவர் பிறர் மனைவியைக் கவர விரும்பினார் என்று எவரேனும் கூறுவாரா?

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். நம்மைப் பற்றி ஒன்று உண்டு. 1968-இல் 'படோசன்' என்ற ஹிந்திப் படம் வந்தது. மெஹ்மூத் அதில் குடுமியும் வேட்டியுமாய், தமிழ் நெடி வீசும் ஹிந்தி பேசும் மாஸ்டர் பிள்ளை என்னும் பாட்டு வாத்தியாராக வந்தார். அவருக்காகப் பாடியவர் மன்னா தே என்னும் வங்காளி. நாடே விழுந்து விழுந்து சிரித்தது. நாமும் சிரித்தோம், மறுநாள் அலுவலகத்துக்குச் செல்லும் வரை. அதன்பின் பல்லாண்டுகள், இந்நகரத்தில் தமிழன் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் மாஸ்டர் பிள்ளையைத்தான் கேட்டார். அறிக்கை தயாரித்த அதிகாரியும், அறுவை செய்த மருத்துவரும், கணிதம் கற்பித்த ஆசிரியையும் "ஐயையோ ஜி" என்ற விளியைப் புன்னகையோடு ஏற்றுக் கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் கதையின் வேர் 1952-இல் வந்த ஒரு வங்காளிப் படம். 1960-இல் தமிழிலும் 'அடுத்த வீட்டுப் பெண்' என்று வந்தது. அஞ்சலி தேவியும் டி.ஆர். ராமச்சந்திரனும் தங்கவேலுவும் நடித்தார்கள். அதைப் பார்த்து நம்மை எவரும் நகைக்கவில்லை. எல்லோரும் தமிழராயிருந்த படத்தில் கேலி ஒருவர் பேச்சின்மேல் விழ இடமில்லை.

மெஹ்மூத் தமிழரை வெறுத்தாரா? 'படோசன்' அவரே பங்கேற்றுத் தயாரித்த படம். ஆகவே வேடம் அவர்மேல் திணிக்கப்பட்டதன்று. ஆனால் ஏ.வி.எம். ஹிந்தியில் எடுத்த படங்கள் பலவற்றில் நடித்து, சென்னை ஸ்டூடியோக்களில் நம்மவரோடு பழகி உழைத்தவர் அவர். 'சர்வர் சுந்தரம்' 1971-இல் 'மைன் சுந்தர் ஹூம்' ஆனபோது, நாகேஷ் ஏற்ற வேடத்தை ஏற்றவரும் அவரே, இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. வேடத்தைக் கொண்டு அவர் உள்ளத்தை அளப்பது தவறு என்று நாம் அவருக்காக வாதாடத் தயார். ஆனால் அந்த வேடத்தைக் கொண்டு நம்மை அளந்தார்களே, அதற்கு எவர் வாதாடுவது? நடிகனை வேடத்தால் எடைபோடும் பழக்கம் ஒரு படி மேலே போனால், அவன் எவர் சாயலில் வேடம் கட்டினானோ அவரையும் எடைபோடத் தொடங்கும். அந்தத் தராசில் நாமே உட்கார்ந்து பார்த்தவர்கள்.

பார்த்தும் என்ன செய்தோம்? இங்கே சிலருக்கு வருத்தம் உண்டாகலாம். ஆயினும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் ஒரு சமூக நாடகம் நடந்தது. மருமகளை வாட்டும் மாமியாராக, இருபத்து நான்கு வயதுப் பெண்ணொருத்தி தலையில் வெள்ளை தடவி நடித்தாள். வங்கியில் வேலை, வீட்டில் அதிர்ந்து பேசாதவள், பாட்டிக்குக் கண் மறைத்தபின் நாள்தோறும் மாலையில் பத்திரிகை படித்துக் காட்டியவள். அந்தப் பாட்டியின் நடையைத்தான் மேடையில் கொண்டு வந்தாள். மூன்றாம் காட்சியில் அவள் அடுப்படிச் சாவியை இடுப்பில் செருகிய விதத்தில் இரண்டாம் வரிசையில் ஒரு மூதாட்டி வாய்விட்டுச் சபித்தார். நமக்கெல்லாம் பெருமை தாளவில்லை. அன்று பெண் பார்க்கும் எண்ணத்தோடு வேறொரு காலனியிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. இரண்டு நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள்: "இவ்வளவு இயல்பாக வருகிறதென்றால் உள்ளே இல்லாமலா வரும்?"

அந்தக் குடும்பத்தார் யாரென்று சொல்ல மாட்டோம். அவர்கள் கொடியவர்களும் அல்லர். திரையில் நம்பியாரைச் சபித்த தாய்மார் கண்ட கண்ணாலேயே அவர்களும் கண்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னர் நல்ல இடத்தில் திருமணம் ஆயிற்று. இப்போது புனாவில் இருக்கிறாள். ஆனால் அந்த இரவுக்குப் பின் அவள் மேடை ஏறவில்லை. அவளுடைய இரு தங்கையரும் ஏறவில்லை. மறு ஆண்டு குடிகாரனாக நடித்த இளைஞரை வீட்டுச் சொந்தக்காரர் அழைத்து மெல்ல விசாரித்தாராம். அவர் சிரித்துக் கொண்டே சொன்னார், நாமும் சிரித்தோம். ஆண்பிள்ளைக்கு அது சிரிப்போடு போயிற்று.

அதன் விளைவை எல்லோரும் கண்டு வருகிறோம். நம் நாடகங்களில் இப்பொழுது பெண்கள் எல்லோரும் உத்தமிகள். கொடுமைக்காரி வேண்டிய இடத்தில் ஓர் ஆண்மகன் சேலை கட்டிக் கொண்டு வருகிறார், அவை சிரிக்கிறது, கதையின் துயரம் அந்தச் சிரிப்பில் கரைந்து போகிறது. மாமியார் இல்லாத மருமகள் கதையும், கள்வன் இல்லாத களவுக் கதையும் எழுதித் தருமாறு நம் நாடகாசிரியரைக் கேட்கிறார்கள். அவரும் பாவம், முயன்று பார்க்கிறார். பெண் வேடமிட்டு வளர்ந்த சிவாஜி கணேசனையும், ஔவையாகவே நடித்து அப்பெயரையே பெற்ற டி.கே. சண்முகத்தையும் தந்த நாட்டிலிருந்து வந்த நாம், நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கெட்டவள் வேடத்தைக் கொடுக்க அஞ்சுகிறோம்.

தாய்மார்களே, அந்த வேடம்தான் கடினமானது, திறமை வேண்டுவது. நல்லவளாக நிற்க அழகிய சேலை போதும். தன்னிடம் இல்லாத கொடுமையைத் தன் உடலில் வரவழைத்து, காட்சி முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தைக்குச் சோறூட்டப் போகும் பெண்ணிடம் நாம் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை. பெண் பார்க்க வருவோர் வேறு எதையேனும் பார்க்கட்டும். அவள் அலுவலகத்தில் எப்படிப் பழகுகிறாள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் எந்தக் குரலில் பேசுகிறாள், பேருந்தில் இடத்தை எவருக்கு விடுகிறாள் என்று பார்க்கட்டும். மாப்பிள்ளையையும் அதே கண்ணால் பார்க்கட்டும்.

மேடை ஒழுங்காகிவிட்டது என்று செயலாளர் கைகாட்டுகிறார். ஓர் அறிவிப்போடு அமர்கிறோம். பொங்கல் விழா நாடகத்துக்கு வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இந்த மண்டபத்திலேயே ஒத்திகை தொடங்குகிறது. கதாநாயகி வேடத்துக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வில்லனுக்கு மூவர். மாமியார் வேடத்துக்கு நேரே உள்ள கோடு இந்த நேரம் வரை வெறுமையாக இருக்கிறது. பட்டியல் வாசலில் மேசைமேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.